வாவிக்கரையில் ஓர் அறை

மட்டக்களப்பின் கல்லடிப் பாலத்தில் ஒரு மாலை நின்றோம். பாடும் மீன்களின் புகழ் கேட்டு வருவோர்க்கு வீட்டில் ஓர் அறையை நாட்கணக்கில் வாடகைக்கு விடக் கரையோரக் குடும்பங்கள் விரும்புவது இயல்பே.

ஆயின், 2005ஆம் ஆண்டின் சுற்றுலாச் சட்டம் பதிவு கேட்கின்றது. புதிதாய் அறை கட்ட உள்ளூராட்சி மன்றத்தின் அனுமதி வேண்டும். 1981ஆம் ஆண்டின் கரையோரம் பேணற் சட்டமோ, கடலோரத்தில் 300 மீற்றர் வரையும், வாவியின் முகத்துவாரத்திலிருந்து உள்ளே 2 கிலோமீற்றர் வரையும் அனுமதிப் பத்திரமின்றிக் கட்டலாகாது என்கின்றது.

எளிய குடும்பத்துக்கு இவை சுமையே. எனினும், கழிவுநீர் கலந்து வாவி கெட்டபின் விருந்தினர் எதை நாடி வருவர்? கட்டுப்பாடு நிலைக்கட்டும், ஓர் அறை உடையோர் பல கந்தோர்களின் படியேறாது, ஓரிடத்திலேயே அனுமதி பெறும் வழியும் பிறக்கட்டும்!