படிக்கிற பிள்ளைக்குச் சம்பளம்

"அவன் படிக்கிற பிள்ளை, அவனை ஏன் வேலை ஏவுகிறாய்?" என்னும் வாக்கியத்தைக் கேளாத தமிழ்க் குடும்பம் இருக்க முடியாது. படிக்கிற பிள்ளை கடைக்குப் போகலாகாது. தண்ணீர்க் குடத்தைத் தொடலாகாது. அவன் சாப்பிட்ட தட்டைக்கூட வேறு யாராவதுதான் எடுத்து வைக்க வேண்டும். (படிக்கிற பெண்ணுக்கு இந்தச் சலுகை அவ்வளவு தாராளமாகக் கிடைப்பதில்லை என்பது வேறு விஷயம்.) கல்வி என்னும் தவத்துக்குக் கைவேலை ஓர் இடையூறு என்பது நமது நடுத்தரக் குடும்பங்களின் அசைக்க முடியாத சித்தாந்தம்.

இந்தச் சித்தாந்தத்தைக் கைக்கொள்ள வசதியில்லாத வீடுகளும் ஊரில் அநேகம் உண்டு. தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கங்களில் முகூர்த்த நாள் மாலையில் ஏதாவது ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்து பாருங்கள். ஒரே மாதிரிச் சட்டை அணிந்து, பந்தியில் இலை போட்டு, சாம்பார் வாளியுடன் ஓடியாடும் இளைஞர்களில் பலர் கலாசாலை மாணவர்கள். "கேட்டரிங் போகிறேன்" என்று இதற்கு அவர்கள் பெயர் வைத்திருக்கிறார்கள். இரவு 11 மணிக்கு ஜி.எஸ்.டி. சாலையில், முதுகில் பெரிய பெட்டியைச் சுமந்து, யாருக்கோ சூடாகப் பிரியாணி கொண்டு போகும் மோட்டார் சைக்கிள்காரர்களிலும் அவர்கள் இருக்கிறார்கள்.

நாம் இந்தப் பகுதியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபது வருஷமாக உபாத்தியாயராக இருந்து வருகிறோம். ஆகையால், "ஸார், இன்னும் கொஞ்சம் பாயசம்" என்று பந்தியில் உபசரிக்கும் குரல் பல சமயங்களில் நமக்குத் தெரிந்த குரலாகவே இருக்கிறது. பழைய மாணவன் கையால் பாயசம் கிடைப்பது உபாத்தியாயருக்குப் பாக்கியந்தான். ஆனால் மறுநாள் காலை அவனுக்குப் பௌதிக வகுப்பு இருக்கிறது என்பது ஞாபகம் வரும்போது பாயசம் சற்றே கசந்துவிடுகிறது.

நம்மிடம் கணக்குப் படித்த இருவரைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். ஒருவன் ஆட்டோ ஓட்டுகிறவருடைய மகன். பி.எஸ்ஸி. வகுப்பில் சேர்ந்தான்; வீட்டில் கையிருப்புக் குறையவே, இரவில் உணவுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலைக்குப் போனான். நள்ளிரவுக்கு மேல் வீடு திரும்புகிறவன் காலை முதல் மணிக்கு வகுப்பில் எப்படி இருப்பான்? வருகைக் கணக்கு நூற்றுக்கு 75 என்ற எல்லைக்குக் கீழே இறங்கியது. முதல் தடவை அபராதம் கட்டிப் பரீட்சை எழுதினான். மறு தடவை உட்கார அனுமதி கிடைக்கவில்லை. இதற்கு நடுவே அவன் கலாசாலைக் காரியாலயத்துக்குப் போய், புஸ்தகசாலையிலாவது அலுவலகத்திலாவது மாலையில் ஏதேனும் வேலை தருவீர்களா என்று கேட்டிருக்கிறான். "மாணவனை வேலைக்கு வைத்துக்கொள்ள விதி கிடையாது, தம்பி" என்று பதில் கிடைத்தது. அதே மாதத்தில் அதே காரியாலயம் தட்டெழுத்து வேலைக்கு வெளியிலிருந்து ஒரு தற்காலிக ஆளை அமர்த்திக்கொண்டது.

மற்றொருத்தி வேறொரு கலாசாலையில் ரசாயனம் படித்தாள். வாரத்தில் மூன்று மாலைகள், இவ்விரண்டு மணி நேரம், ஆராய்ச்சிச் சாலையில் கண்ணாடிக் குப்பிகளைக் கழுவி அடுக்குவதும் பதிவேடு எழுதுவதும் அவள் வேலை. மணிக்கணக்கில் சம்பளம். பரீட்சைக்கு முந்திய வாரங்களில் வேலை இல்லை. துல்லியத் தராசைக் கையாளும் பழக்கம் மற்ற மாணவிகளுக்கு வருமுன்னே அவளுக்கு வந்துவிட்டது. புத்தியில் இவள் அவனைவிட மேல் என்று நாம் சொல்லமாட்டோம். இருவருக்கும் விடைத்தாள் திருத்தியவர் நாமே. ஒரு கலாசாலையில் விதி இருந்தது, மற்றதில் இல்லை. இருவருடைய வாழ்க்கையும் பிரிந்த இடம் அதுதான்.

கலாசாலைக்குள் மாணவன் செய்யக்கூடிய வேலை என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கலாம். 1837இல் சென்னைப் பட்டணத்தில் ஒரு பள்ளிக்கூடமாகத் தோன்றிய கிறிஸ்தவக் கலாசாலை, 1937இல் நமது தாம்பரத்துக்குக் குடிபெயர்ந்தது. அதன் வளாகம் ஏறக்குறைய 365 ஏக்கர். வருஷத்தின் நாளொன்றுக்கு ஓர் ஏக்கர் என்று வேடிக்கையாகச் சொல்லலாம். செயிண்ட் தாமஸ் ஹால், சேலையூர் ஹால், பிஷப் ஹீபர் ஹால் முதலிய விடுதிகள், புஸ்தகசாலை, ஆராய்ச்சிச் சாலைகள், மான்கள் திரியும் புதர்க்காடு எல்லாம் அடங்கிய அது ஒரு சிறு நகரம். இத்தகைய வளாகம் ஒன்றில் எத்தனை காரியங்கள் நடந்தாக வேண்டும்! புஸ்தகங்களை அடுக்க வேண்டும். கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ள வேண்டும். விடுதிக் கணக்கு எழுத வேண்டும். மரங்களுக்குப் பெயர்ப் பலகை மாட்ட வேண்டும். பார்வையற்ற மாணவர்களுக்குப் பாடம் வாசித்துக் காட்ட வேண்டும். பின்தங்கிய முதலாண்டு மாணவனுக்கு மூன்றாமாண்டு மாணவன் கணக்குச் சொல்லித் தர வேண்டும். இவற்றில் எதற்கும் ஹெல்மெட் அணிந்து நள்ளிரவில் மழையில் போக வேண்டியதில்லை.

வேலை செய்துகொண்டே கற்பது நமக்குப் புதிதுமன்று. 1871இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் மாணாக்கராகச் சேர்ந்த உ. வே. சாமிநாதையர், ஆசிரியர் சொல்லச் சொல்ல ஏட்டில் எழுதும் பணியைச் செய்துகொண்டே தமிழ் கற்றார். பிற்காலத்தில் பழந்தமிழ்ச் சுவடிகளைப் பதிப்பித்த கைக்கு அந்தப் பழக்கம் எவ்வளவு உதவியிருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஜயப்பிரகாச நாராயணர் 1922இல் அமெரிக்கா சென்று, 1929இல் திரும்பும் வரையில் திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை செய்தும், உணவு விடுதியில் தட்டுக் கழுவியும் சர்வகலாசாலைப் படிப்பை நடத்தினார். தொழிலாளருக்காகப் பிற்காலத்தில் அவர் பேசிய பேச்சு ஏட்டிலிருந்து மட்டும் வந்ததன்று.

கிறிஸ்தவக் கலாசாலை தாம்பரத்துக்கு வந்த அதே 1937ஆம் வருஷம் அக்டோபரில், வார்தாவில் கூடிய மகாநாட்டில் காந்தியடிகள் கைத்தொழில் வழியே கல்வி என்னும் திட்டத்தை முன்வைத்தார். பிள்ளைகளின் உழைப்பே பள்ளியின் செலவைத் தாங்க வேண்டும் என்று அவர் கருதினார். பள்ளிக்கூடம் தொழிற்சாலையாகிவிடுமோ என்று அப்போதே பலர் அஞ்சினார்கள். அந்த அச்சம் அடியோடு வீணானதென்று நாம் சொல்லமாட்டோம். அதனால்தான் விதி வேண்டும் என்கிறோம்.

வேலையை யாருக்கு எப்படிப் பங்கிடுவது என்பதில்தான் நம் நாட்டின் உண்மையான பரீட்சை இருக்கிறது. ஏழை மாணவன் கையில் துடைப்பத்தையும், வசதியுள்ளவன் கையில் கம்ப்யூட்டரையும் கொடுத்துவிட்டால், வெளியே தள்ளிய சாதி வளாகத்துக்குள் சம்பளம் வாங்கிக்கொண்டு உட்கார்ந்துவிடும். தேசியக் கல்வி தருவதற்கென்று வ. வே. சு. ஐயர் 1922இல் தொடங்கிய சேரன்மாதேவி குருகுலம், சில மாணவர்களுக்குத் தனியே உணவளித்த விவகாரத்தால் இரண்டு மூன்று வருஷங்களுக்குள் நிலைகுலைந்தது நமக்குத் தெரிந்த துக்கமான கதை. ஏறக்குறைய அதே சமயத்தில், 1924இல், மராட்டியத்துச் சாதாராவில் பாவுராவ் பாட்டீல் ஒரு விடுதியை ஆரம்பித்தார். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் அங்கே ஒன்றாகச் சமைத்து, ஒன்றாக உண்டு, ஒன்றாக நிலத்தில் உழைத்தார்கள். 1919இல் அவர் நிறுவிய ரயத் கல்விச் சங்கம் பின்னர்ப் பெருகி வளர்ந்தது. உழைத்துக்கொண்டே படிக்கும் முறையில் 1947இல் சாதாராவில் ஒரு கலாசாலையும் எழுந்தது. புணே சர்வகலாசாலையில் அவர் பெயராலேயே, சம்பாதித்துக்கொண்டு கற்கும் திட்டம் ஒன்று ஏற்பட்டது.

கடலுக்கு அப்பாலும் ஓர் உதாரணம் உண்டு. அமெரிக்காவில் கெண்டக்கி மாகாணத்தின் பெரியா கலாசாலை 1892 முதல் படிப்புக்கு மாணவரிடம் கட்டணம் வாங்குவதில்லை. ஆனால் அங்கே படிக்கும் ஒவ்வொருவரும் வாரத்துக்குக் குறைந்தது 10 மணி நேரம் வளாகத்தில் வேலை செய்ய வேண்டும். எல்லோரும் வேலை செய்வதால், வேலை செய்வது ஏழ்மையின் அடையாளமாக யாருக்கும் தோன்றுவதில்லை. இந்த ஒரு ஏற்பாட்டில் எவ்வளவு ஞானம் இருக்கிறது! மற்றக் கலாசாலைகளுக்காக அந்த நாட்டு அரசாங்கம் 1964இல் ஒரு சட்டம் செய்து, வசதி குறைந்த மாணவரின் வேலைச் சம்பளத்தில் பெரும் பகுதியைத் தானே ஏற்றுக்கொண்டது. நம் ஊரிலிருந்து போகும் மாணவர்களும், படிப்பு நடக்கும் நாட்களில் வாரத்துக்கு 20 மணி வரையில் அங்கே வளாகத்துக்குள் வேலை பார்க்கலாம். "என் பிள்ளை யுனிவர்ஸிடி டைனிங் ஹாலில் பார்ட் டைம் பார்க்கிறான்" என்று குரோம்பேட்டை அம்மாள் பெருமையுடன் சொல்வதை நாமே கேட்டிருக்கிறோம். அதே பிள்ளை இங்கே அடுத்த தெருவில் தட்டுக் கழுவியிருந்தால் அந்த அம்மாள் ஒரு மாதம் கோவிலுக்குக்கூட வெளியே வந்திருக்கமாட்டார்கள்.

நம் நாட்டிலும் யோசனை இல்லாமற் போகவில்லை. 2020இல் வெளியான தேசியக் கல்விக் கொள்கைக்குப் பின், பல்கலைக்கழக மானியக் குழுவும் இது பற்றிக் கலாசாலைகளுக்கு ஆலோசனை சொல்லியிருக்கிறது. புஸ்தகசாலை, ஆராய்ச்சிச் சாலை, கம்ப்யூட்டர்ப் பிரிவு ஆகியவற்றில் வகுப்பு நேரத்துக்கு அப்பால் மாணவருக்கு வேலை தரலாம், மணிக்கணக்கில் ஊதியம் கொடுக்கலாம், வாரத்துக்கு 20 மணியைத் தாண்டக் கூடாது என்பது அதன் சாரம். ஆலோசனை கட்டளையாகாது, செய்கிற கலாசாலை செய்கிறது, செய்யாததைக் கேட்பாரில்லை. தமிழ்நாட்டு அரசாங்கம் 2022இல் புதுமைப் பெண் திட்டத்தையும், 2024இல் தமிழ்ப் புதல்வன் திட்டத்தையும் தொடங்கி, அரசுப் பள்ளியில் படித்துக் கலாசாலைக்கு வந்தவர்களுக்கு மாதம் 1000 ரூபாய் வழங்கியது மிகவும் போற்றத்தக்கது. அந்தப் பணம் பஸ்ஸுக்கும் புஸ்தகத்துக்கும் உதவும். தகப்பனார் படுத்துவிட்ட வீட்டின் வாடகைக்கு எட்டாது. அந்த வீட்டுப் பிள்ளை எப்படியும் வேலைக்குப் போவான். எங்கே, எத்தனை மணிக்கு, யாருடைய கண்காணிப்பில் போவான் என்பதுதான் நமக்கு முன்னுள்ள கேள்வி.

ஆகவே ஒவ்வொரு கலாசாலையும் ஒரே பக்கத்தில் அடங்கும் விதி ஒன்றை எழுதி, எல்லோரும் படிக்கும்படி ஒட்டிவிட வேண்டுமென்பது நம் அபிப்பிராயம். வாரத்துக்கு 10 மணி போதும். 20க்கு மேல் ஒருநாளும் கூடாது. பரீட்சைக் காலத்தில் வேலை நிறுத்தப்பட வேண்டும். சம்பளம் மாதந்தோறும் மாணவர் பெயரிலுள்ள பாங்கிக் கணக்கில் சேர வேண்டும். கட்டணப் பாக்கியில் சத்தமில்லாமல் கழித்துக்கொள்ளக் கூடாது. பேராசிரியர் வீட்டுக்குக் காய்கறி வாங்குவது வேலை என்ற கணக்கில் வரக் கூடாது. பெருக்கித் துடைத்துப் பிழைக்கும் நிரந்தரத் தொழிலாளியை நீக்கிவிட்டு அந்த இடத்தில் மலிவான மாணவனை வைப்பது பாவம்; அதைத் தடுக்க வேண்டும். யாருக்கு எந்த வேலை என்பதை முறை வைத்து மாற்றித் தர வேண்டும். பெண்களுக்குப் பதிவேடு, ஆண்களுக்குக் கம்ப்யூட்டர் என்ற பிரிவும் வேண்டாம். எல்லாவற்றுக்கும் மேலாக, விரும்புகிற எந்த மாணவருக்கும், வசதியுள்ளவராயினும் இல்லாதவராயினும், அந்தக் கதவு திறந்திருக்க வேண்டும். டாக்டர் மகனும் ஆட்டோக்காரர் மகனும் ஒரே அலமாரியில் புஸ்தகம் அடுக்கினால் இருவருமே சில விஷயங்களைக் கற்றுக்கொள்வார்கள்.

இவ்வளவுக்கும் பணம் எங்கே என்று நிர்வாகிகள் கேட்பார்கள். வெளியாட்களுக்கு இன்று கொடுத்துவரும் தற்காலிகச் சம்பளத்தில் ஒரு பகுதியே ஆரம்பத்துக்குப் போதும். பழைய மாணவர் சங்கங்கள் விழாவுக்கு விழா கட்டும் தோரண வாயில்களில் ஒன்றை நிறுத்தி வைத்தால் பல மாணவர்களுக்கு ஒரு வருஷச் சம்பளம் கிடைத்துவிடும்.

பெற்றோர்களுக்கும் ஒரு வார்த்தை. அடுத்த ஆனி மாதத்தில் பிள்ளையைச் சேர்க்கப் போகும்போது கட்டணம் எவ்வளவு, விடுதிச் சாப்பாடு எப்படி, வேலை வாய்ப்பு உண்டா என்றெல்லாம் விசாரிப்பீர்கள். கூடவே, "படிக்கும்போதே வளாகத்துக்குள் மாணவருக்கு வேலை தருகிறீர்களா? அதற்கு என்ன விதி வைத்திருக்கிறீர்கள்?" என்றும் கேளுங்கள். உங்கள் பிள்ளைக்கு அந்தச் சம்பளம் அவசியமில்லாமல் இருக்கலாம், ஆயினும் கேளுங்கள். தேவையுள்ள வீட்டார் அதைக் கேட்கக் கூசுவார்கள். கூச்சப்பட வேண்டாத நூறு பேர் கேட்டுவிட்டால், விதி கிடையாது என்று சொல்லும் குமாஸ்தா, விதி எங்கே என்று மேலிடத்தை விசாரிக்கத் தொடங்குவார்.