தங்கவயலும் குடகின் நிழல் மரங்களும்

கோலார் தங்கவயலில் காபி விளைவதில்லை. ஆயினும் குடகு மலையோடு இந்த ஊருக்கு நூற்றாண்டு கடந்த உறவு உண்டு. 1902-இல் சிவசமுத்திரத்தில் காவிரி நீரால் எடுக்கப்பட்ட மின்சாரம் ஏறத்தாழ 147 கி.மீ. கடந்து வந்து இங்குள்ள சுரங்கங்களை இயக்கியது. அந்தக் காவிரி பிறப்பது குடகில். அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியில்தான் அங்குள்ள காபித் தோட்டங்களும் நிற்கின்றன.

குடகின் காபிச் செடி ஈட்டி, வேங்கை, பலா, அத்தி முதலிய நாட்டு மரங்களின் நிழலில் வளர்ந்தது. அண்மைப் பத்தாண்டுகளில் பல தோட்டங்களில் அவற்றின் இடத்தை ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த சில்வர் ஓக் பிடித்துவருகிறது. அது விரைந்து வளர்கிறது. நேராக நிற்பதால் மிளகுக்கொடி படர ஏற்றது. வெட்டி விற்பதும் எளிது. ஈட்டியை வெட்டவோ வனத்துறையின் அனுமதி வேண்டும். சில வகை நிலங்களில் மரத்தின் மீதான உரிமையே அரசிடம் இருக்கிறது. தம் நிலத்தில் நின்றும் தமக்குப் பயன்படாத மரத்தை ஓர் உழவர் எதற்காக வளர்க்க வேண்டும்?

மரத்தின் உலர் எடையில் ஏறக்குறையப் பாதி கரிமம். தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் அடிமரத்தின் விட்டத்தை அளந்து, மரத்தின் அடர்த்தியையும் சேர்த்து ஆய்வாளர்கள் அந்த எடையைக் கணிக்கின்றனர். ஒரே பருமனும் உயரமும் கொண்ட ஈட்டியும் சில்வர் ஓக்கும் அருகருகே நின்றால், அடர்த்தி மிக்க ஈட்டியிலேயே கரிமம் மிகுதி. ஆனால் கரிமச் சந்தை பெரும்பாலும் புதிதாகச் சேரும் கரிமத்துக்கே விலை வைக்கிறது. பல தலைமுறைகளாகக் கரிமத்தைச் சேர்த்துவைத்த மரம், வெட்டப்படும் அபாயத்தில் இருப்பதாக நிறுவப்பட்டாலன்றி, அக்கணக்கில் இடம்பெறுவதில்லை.

விரைந்த வளர்ச்சியை மட்டும் நம்புவதன் விளைவைக் கோலார் மாவட்டம் அறியும். 1980-களில் சமூகக் காடு வளர்ப்பின் பெயரால் வறண்ட இந்நிலத்தில் தைலமரம் பரவியது. நிலத்தடி நீர் வற்றியதற்கு அதுவும் ஒரு காரணம் என்ற குரல் வலுத்தது. 2017-இல் கர்நாடக அரசு அம்மரத்தை நடுவதற்குத் தடை விதித்தது.

தங்கவயல் இதைவிடப் பெரிய பாடத்தையும் கண்டிருக்கிறது. ஒரு டன் பாறைக்கு எத்தனை கிராம் பொன் என்ற கணக்கிலேயே 120 ஆண்டுகள் இயங்கிய சுரங்கம், 2001 பிப்ரவரி 28-இல் மூடப்பட்டது. அக்கணக்கில் சேராதவை இன்று சயனைடு மேடுகளாக நிற்கின்றன. காற்று வீசும் நாள்களில் அவற்றின் புழுதி வீடுகளுக்குள் புகுகிறது. அம்மேடுகளின் அருகே வளர்ந்து சூழலியல் கற்கச் செல்லும் மாணவர், ஒரு ஹெக்டேருக்கு எத்தனை டன் கரிமம் என்ற அட்டவணையைக் காணும்போது, அதில் விடுபட்டவை எவை என்று கேட்கும் தகுதி உடையவர். பறவைக்கு உணவாகும் அத்திப்பழம், உதிர்ந்த இலையால் வளம்பெறும் மண், மரத்தைக் காத்துவந்தவரின் உரிமை ஆகியவை அந்த அட்டவணையில் இல்லை. நிற்கும் நாட்டு மரத்துக்கு ஊதியமும், அதை வளர்த்தவருக்கு அதன்மேல் உரிமையும் கிடைக்கும் வரை, சில்வர் ஓக் நடுகிற உழவரைக் குறை கூறுவதில் நியாயமில்லை.