பத்துப் புளியங்கொட்டை

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒன்றாம் வகுப்பின் முதல் பாடம் எழுத்தும் இல்லை, எண்ணும் இல்லை. "கையைக் கட்டு, வாய்மேல் விரலை வை." அதுதான். இரண்டு கையையும் கட்டிவிட்டு, விரலுக்கு எங்கே போவது என்று விழிக்கும் ஆறு வயதுப் பிள்ளையைப் பார்த்திருக்கிறீர்களா? எனக்கு அப்போது மீசை கறுப்பு, குரலும் கனம். வராண்டாவில் தலைமையாசிரியர் நடந்து போகும் செருப்புச் சத்தம் கேட்கிற அளவுக்கு வகுப்பு அமைதியாக இருந்தால், அன்றைக்குப் பாடம் பிரமாதம் என்று நினைத்துக்கொள்வேன். இப்போது சிரிப்புத்தான் வருகிறது. அந்த அமைதியில் பிள்ளைகள் செய்தது ஒன்றே ஒன்று: சாப்பாட்டு மணிக்குக் காத்திருந்தார்கள்.

இன்றைக்கு எங்கள் ஊருக்கு அருகே கிருஷ்ணன்கோவிலில் பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்களில் பலர் கலசலிங்கம் பல்கலைக்கழகத்துப் பிள்ளைகள். 1984-இல் அது பொறியியல் கல்லூரியாகத் தொடங்கியபோது எங்கள் பக்கத்துக் கிராமங்களுக்கு வேறொரு வண்டிதான் பழக்கம். விடியுமுன் வந்து ஹாரன் அடிக்கும் தீப்பெட்டி ஆபீஸ் வண்டி. அம்மாக்களோடு பிள்ளைகளும் தூக்கம் கலையாமல் தூக்குச்சட்டியோடு ஏறுவார்கள். 1986-இல் குழந்தைத் தொழிலாளர் சட்டம் வந்தது. 1996 டிசம்பரில் சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் தீர்ப்புச் சொன்ன உச்ச நீதிமன்றம், சட்டத்தை மீறிப் பிள்ளையை வேலைக்கு வைத்தவர் ஒரு பிள்ளைக்கு 20,000 ரூபாய் வீதம் கட்ட வேண்டும் என்றது. கொஞ்சம் கொஞ்சமாக அந்த வண்டியில் சின்னத் தலைகள் குறைந்து, பள்ளிக்கூடத்தில் கூடின.

அந்தச் சமயத்தில்தான் ஒரு பயிற்சியில் பத்துப் பத்தாகக் குச்சி கட்டும் முறையைச் சொல்லித் தந்தார்கள். பத்துக் குச்சிக்கு ஒரு ரப்பர் பேண்டு. மூன்று கட்டும் நாலு உதிரியும் என்றால் முப்பத்து நாலு. பத்துக் கட்டைச் சேர்த்துக் கட்டினால் நூறு. 'பத்தாம் இடம், ஒன்றாம் இடம்' என்று கரும்பலகையில் நாள்கணக்கில் கத்தினாலும் ஏறாதது, பிள்ளை தன் கையால் ஒரு கட்டைப் பிரித்து உதிரியாக்கும்போது பட்டென்று ஏறிவிடும். கடன் வாங்கிக் கழிப்பதன் சூட்சுமம் முழுக்க அந்த ரப்பர் பேண்டில்தான் இருக்கிறது. விளக்குமாற்று ஈர்க்குச்சியை ஒடித்துக் கொண்டுவரச் சொன்னார்கள். எங்கள் ஊரில் அதைவிடச் சுலபமாகக் கிடைப்பது மருந்து வைக்காத வெள்ளைத் தீக்குச்சி. ஒரு பை நிறைய வாங்கி வந்து தரையில் கொட்டினேன்.

மறுநாள் காலை ஒரு பையனின் அம்மா வாசலில் நின்றாள். வேலைக்குப் போகாமல் வந்திருக்கிறாள். "சார், தீக்குச்சி அடுக்கவா பிள்ளைய அனுப்புறோம்? அதுக்கு நானே கூட்டிட்டுப் போயிருவேனே."

பயிற்சியில் கேட்டதை அவளிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தேன். அவள் காதில் வாங்கவில்லை. உள்ளே வந்து தரையில் உட்கார்ந்தாள். கை தானாகக் குச்சிமேல் போனது. அடுத்த நிமிஷம் குச்சிகள் தலை மாறாமல் வரிசையாகப் படுத்துவிட்டன. பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள். "ஏழு வயசுல இருந்து கட்டை அடுக்குறேன் சார்" என்றாள். தீக்குச்சிகளை வரிசையாக அடுக்கும் சட்டத்தைத்தான் கட்டை என்பார்கள்.

"ஒரு நாளைக்கு எத்தனை கட்டைம்மா?"

"அது கணக்கப்பிள்ளைதான் எழுதுவாரு. அவரு சொன்னதுதான் கணக்கு."

அவள் மகன் அப்போதுதான் தன் குச்சிகளைக் கட்டிக்கொண்டிருந்தான். கை மந்தம். எட்டுக்குப் பிறகு பத்து என்று தாவி, அவனே சந்தேகப்பட்டு, அவிழ்த்து, மறுபடி எண்ணினான். அம்மா கையைத் துறுதுறுவென்று நீட்டினாள். நான் வேண்டாம் என்று தலையசைத்தேன். ரொம்ப நேரம் கழித்து நாலு கட்டையும் ஆறு குச்சியையும் அவள் முன்னால் வைத்து, "நாப்பத்தாறு" என்றான். அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அப்ப இவன் கணக்கப்பிள்ள எழுதுறதப் பாத்துச் சொல்லிருவானா சார்?" என்றாள்.

"சொல்லிருவான்" என்றேன்.

கை வேலை செய்கிறதே என்பதற்காகப் புத்தியும் வேலை செய்கிறது என்று அர்த்தமில்லை. அந்த அம்மாவின் கை ஒரு நாளில் ஆயிரக்கணக்கான குச்சியைத் தொட்டிருக்கும். எண்ணிக்கை அவளுடையதாக ஒரு நாளும் இருந்ததில்லை. எந்தப் புத்தகத்திலும் படித்து நான் இதைத் தெரிந்துகொள்ளவில்லை. இன்றைக்கு 'செயல்பாடு' என்று யாராவது சொன்னால் நான் கேட்கும் கேள்வி இதுதான்: கை பிள்ளையுடையது, சரி, கணக்கு யாருடையது?

அன்றோடு தீக்குச்சியை எடுத்துவிட்டேன். எனக்கு அது வெறும் குச்சி. அவளுக்கு அப்படியில்லை. பதிலுக்குப் புளியங்கொட்டை வந்தது, என் வேலைக்காலம் முடியும்வரை இருந்தது.

செய்முறை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். கொட்டையை ஒரு பக்கம் மட்டும் சிமெண்டுத் தரையிலோ கல்லிலோ தேய்த்தால் கறுப்புத் தோல் போய் வெள்ளை தெரியும். தாயக்கட்டை இல்லாத வீடுகளில் தாயத்துக்கு உருட்டுவது இதைத்தான். தேய்ப்பதே பிள்ளைகளுக்குப் பாதித் திருவிழா; சூடேறின கொட்டையைப் பக்கத்துப் பிள்ளையின் தொடையில் வைத்துச் சண்டை இழுப்பது மீதித் திருவிழா. பிறகு ஆளுக்குப் பத்துக் கொட்டை. குலுக்கிப் போடு. வெள்ளை எத்தனை, கறுப்பு எத்தனை? எழுது. மறுபடி போடு.

முதலில் எல்லாப் பிள்ளையும் இரண்டையும் எண்ணும். ஒரு பெண் பிள்ளை இருந்தாள். வெள்ளை ஏழு என்று எண்ணி முடித்தபின், கறுப்பையும் ஒவ்வொன்றாக விரலால் தொட்டுத் தொட்டு எண்ணுவாள். ஏழு போனால் மூன்றுதானே என்று எனக்கு நாக்கு நுனிவரை வரும். வாத்தியார் வேலையில் கஷ்டமான காரியம் எது என்று கேட்டால் அந்த நாக்கை அடக்குவதைத்தான் சொல்வேன். நாள்கள் போயின. ஒரு மத்தியானம் வெள்ளையை எண்ணினாள், கறுப்பின் பக்கம் விரலைக் கொண்டுபோனாள், பாதியில் நிறுத்தினாள். என்னைப் பார்த்தாள். எண்ணாமலேயே எழுதினாள். அதன்பின் அவளுக்குக் கூட்டலும் கழித்தலும் தனித்தனியாகச் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. நான் முதல் நாளே சொல்லியிருந்தால் அவளுக்கு விடை கிடைத்திருக்கும். அந்தப் பார்வை கிடைத்திருக்காது.

பத்தும் வெள்ளையாக விழ வேண்டும் என்று ஒரு கூட்டம் எப்போதும் தவம் கிடக்கும். இரண்டு பக்கமும் சமமாக விழும் என்று வைத்துக்கொண்டால் 1,024 வீச்சுக்கு ஒருமுறைதான் அந்த யோகம். அந்தக் கணக்கு மேல்வகுப்பில் வரும். காத்திருப்பதற்கு ஒன்றாம் வகுப்பே போதும்.

பிறகு அரசாங்கமே கையை அவிழ்த்துவிட்டது. மதனப்பள்ளி அருகே ரிஷிவேலியில் கிராமத்துப் பிள்ளைகளுக்காக உருவாக்கிய முறையைச் சென்னை மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் 2003-இல் 13 மாநகராட்சிப் பள்ளிகளுக்குக் கொண்டுவந்தார். 2007-08-இல் செயல்வழிக் கற்றல் என்ற பெயரில் அது தமிழ்நாடு முழுக்க 37,000-க்கும் மேற்பட்ட பள்ளிகளுக்குப் பரவியது. பெஞ்சு போய்ப் பாய் வந்தது. சுவரின் அடிப்பாகத்தில் பிள்ளைகள் உயரத்துக்குக் கரும்பலகை வந்தது. தலைக்குமேல் கம்பிப் பந்தல். பிள்ளைகள் வரைந்தது, வெட்டினது, ஒட்டினது எல்லாம் அதில் தொங்கும். சின்னம் போட்ட அட்டைகள், எது முடித்தால் எது என்று காட்டும் ஏணிப்படி. வருகைப் பதிவேட்டில் பிள்ளையே தன் வரவைக் குறித்துக்கொள்ளும். வாத்தியாரும் பாயில் உட்கார வேண்டும். முழங்கால் வலிக்காரர்கள் அதைத்தான் முதலில் எதிர்த்தோம்!

அந்த முறையில் எனக்கு மிகவும் பிடித்தது, ஏணியில் முன்னால் போன பிள்ளை பின்னால் வரும் பிள்ளைக்குச் சொல்லித் தருவது. புதுமை என்று பேசிக்கொண்டார்கள். புதுமையா அது? 1789-இல் சென்னை எழும்பூரில் ராணுவத்தாரின் ஆதரவற்ற சிறுவர் இல்லத்துக்குப் பொறுப்பேற்ற ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நம் திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதுவதைப் பார்த்துத் தன் பள்ளியிலும் மணலைப் பரப்பினார். ஆசிரியர்கள் மசியாதபோது, தெரிந்த பையனை விட்டுத் தெரியாத பையனுக்குச் சொல்லிக் கொடுக்க வைத்தார். 1797-இல் லண்டனில் அதைப் புத்தகமாகப் போட்டார். இங்கிலாந்து முழுக்க அது 'மெட்ராஸ் முறை' என்று பரவியது. ஸ்காட்லாந்தில் மெட்ராஸ் காலேஜ் என்ற பெயரில் ஒரு பள்ளிக்கூடம் இன்றும் இருக்கிறது. 1939-இல் மரியா மாண்டிசோரி அடையாறுக்கு வந்து ஆசிரியர்களைப் பயிற்றுவித்தார். அவர் முறையில் பிள்ளைகள் தடவிப் பார்த்தது உப்புத்தாளில் வெட்டிய எழுத்துகளை. என் தாத்தா தடவியது மணலை. நாம் கையைக் கட்டப் பழகியதுதான் இடையில் வந்த பழக்கம் போலிருக்கிறது.

ஒரு பள்ளியில் அந்தச் செயல்வழிக் கற்றல் அட்டைகளைப் பீரோவில் வைத்துப் பூட்டியிருந்ததைப் பார்த்தேன். கிழிந்துவிடும், அதிகாரி வந்தால் கணக்குக் காட்ட வேண்டும் என்றார்கள். யாரையும் குறை சொல்ல மனம் வரவில்லை. அட்டை தொலைந்ததற்கு விளக்கம் கேட்டு ஓலை வந்த காலம் அது. ஆனால் கிழியாத அட்டையால் யாருக்கு என்ன லாபம்? மூலை மடங்கி, எண்ணெய் படிந்து, ஒரு பக்கம் நாய் கடித்தது போலிருக்கும் அட்டை என் வகுப்பில் நிறைய இருந்தது.

கொரோனாவுக்குப் பிறகு 2022 ஜூனில் 'எண்ணும் எழுத்தும்' வந்தது. ஒன்றிலிருந்து மூன்றாம் வகுப்பு வரை அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரித்து, பாட்டும் கதையும் பொம்மலாட்டமுமாக நடத்தத் தொடங்கினார்கள். நான் ஓய்வு பெற்றபின் வந்தது, தூரத்திலிருந்து பார்க்கிறவன்தான். பக்கத்து வீட்டுப் பெண் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஆசிரியை. இரண்டாம் வகுப்புக்கு நல்ல செயல்பாடு இருந்தால் சொல்லுங்கள் தாத்தா என்று மாலையில் வந்து உட்காருவாள்.

எனக்குத் தெரிந்ததைச் சொல்வேன். மைதானத்தில் ஒரு குச்சியை நட்டு, மணி அடிக்கும்போதெல்லாம் ஓடிப்போய் நிழலின் நுனியில் ஒரு கல் வைக்கச் சொல்லு. காலையில் நிழல் மேற்கே மலையைப் பார்த்து நீளும், மத்தியானம் குறுகும், சாயங்காலம் முதுகைக் காட்டும். ஏன் என்று நீ சொல்லாதே. நாலு நாளில் அவர்களே சண்டை போடுவார்கள். தண்ணீர்த் தொட்டியடியில் ஆழாக்கையும் படியையும் கொடு. எட்டு ஆழாக்கு ஒரு படி என்பதைத் தரை நனைய நனைய அவர்களே கண்டுபிடிக்கட்டும். சட்டை நனையும். அம்மாக்கள் திட்டுவார்கள், வாங்கிக்கொள்.

தெர்மோகோல் மட்டும் வேண்டாம் என்பேன். என் பேரனின் பள்ளியில் ஸ்ரீவில்லிபுத்தூர்க் கோபுரம் செய்யச் சொன்னார்கள். ஒன்றாம் வகுப்புப் பையன்! அவன் அப்பா இரவு பதினொரு மணிவரை பதினோரு நிலையையும் வெட்டி ஒட்டினான். பையன் தூங்கிப்போனான். பரிசும் கிடைத்தது. யாருக்கு என்று கேட்டால் மகன் கோபித்துக்கொள்கிறான்.

போன வாரம் அந்தப் பெண், ஆன்லைனில் வண்ண வண்ணமாக எண்ணும் மணிகள் டப்பாவில் வருகிறது, வாங்கட்டுமா என்றாள். முந்நூற்றுச் சொச்ச ரூபாயாம். வாங்கு, தப்பில்லை, ஆனால் இப்போது மாசி பிறந்தாயிற்று, வத்திராயிருப்புச் சாலையில் வீட்டுக்கு வீடு புளி உடைக்கிறார்கள், ஒரு சாக்கை எடுத்துக்கொண்டு போனால் கொட்டையைச் சும்மாவே தருவார்கள் என்றேன். ஜூனில் பள்ளி திறந்தபின் போனால் வியாபாரி அள்ளிக்கொண்டு போயிருப்பார். குன்றிமணி அழகாக இருக்கிறதே என்று யாராவது கொண்டுவந்தால் மட்டும் வாங்கி வெளியே போட்டுவிடச் சொன்னேன், அது விஷம். அந்த வயதில் கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குத்தான் போகும். புளியங்கொட்டையையும் சாயங்காலம் எண்ணித்தான் வாங்கி வைக்க வேண்டும், மூக்கில் போட்டுக்கொள்ளும் பயல் வருஷத்துக்கு ஒருவனாவது வருவான். எண்ணி வாங்குவதையும் பிள்ளைகளிடமே விட்டுவிடு என்றேன். சாக்கு இருக்கிறதா தாத்தா என்றாள்.