எங்கே குத்துகிறது?

பழைய கார்களைக் கண்காட்சியாக நிறுத்தி வைத்திருக்கும் இடத்தில் ஜனங்களைக் கவனித்திருக்கிறீர்களா? வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். பெயிண்டில் முகம் தெரிகிறதா என்று பார்ப்பார்கள். பானெட்டைத் தூக்கச் சொல்லி, உள்ளே என்ன இருக்கிறதென்று புரிந்தாலும் புரியாவிட்டாலும் தலையை ஆட்டுவார்கள். கதவைத் திறந்து ஆசனத்தை ஒரு தடவை அமுக்கிப் பார்க்கிறவர் மட்டும் அபூர்வம். காரின் வெளிப்பக்கம் தெருவில் போகிறவர்களுக்காக ஏற்பட்டது. உள்பக்கம்தான் வீட்டு மனுஷர்களுக்கு. ஆனாலும் கவனிப்பெல்லாம் வெளிப்பக்கத்துக்கே போய்விடுகிறது.

என் மாமாவிடம் 1966-ஆம் வருஷத்து அம்பாஸிடர், மார்க் 2, ஒன்று இருந்தது. இங்கிலாந்தின் மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை ஆதாரமாகக் கொண்டு, கல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த கார் அது. 1950-களின் இறுதியில் பிறந்த அம்பாஸிடர் 2014 வரைக்கும் தயாராகிக்கொண்டிருந்தது. அதனால் தொழிற்சாலை நின்ற பிறகும், சென்னைப் புதுப்பேட்டையில் பொறுமையாகத் தேடுகிறவனுக்கு ஏதாவது ஒரு சாமான் அகப்பட்டுவிடுகிறது.

மாமா காலமான பிறகு ஷெட்டில் தூங்கிய வண்டியை என் அம்மாஞ்சி எழுப்பினான். இன்ஜின் வேலையும் பெயிண்டும் சண்டை சச்சரவில்லாமல் முடிந்தன. உள்பக்கத்துக்கு வந்ததும்தான் தகராறு. "எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டு, ஷோரூமிலிருந்து வந்த மாதிரி செய்துவிட வேண்டும்" என்றான் அவன். "ஒன்றையும் தொடக்கூடாது. டிரைவர் பக்கத்தில் இருக்கிற பள்ளம் அப்பா உட்கார்ந்த பள்ளம்" என்றாள் அவன் தங்கை. மத்தியஸ்தத்துக்கு என்னை அழைத்தார்கள். இரண்டு கட்சியும் நியாயமாகப் பட்டதால், நான் காப்பி சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

ஜெனரல் பேட்டர்ஸ் ரோடில் குஷன் வேலையில் தலை நரைத்த மேஸ்திரி ஒருவர் வந்து, முன் ஆசனத்தைக் கழற்றி முற்றத்தில் கவிழ்த்தார். கியர் ஸ்டியரிங் தண்டிலேயே இருந்த காலத்து வண்டி ஆகையால் முன்னாலும் ஒரே நீள ஆசனம்தான். அடியில் இரும்புச் சட்டம். அதன் மேல் சுருள் வில்கள். அவற்றின் மேல் கோணி. கோணி மேல் தேங்காய் நார். அதற்கும் மேல் பஞ்சு. எல்லாவற்றையும் மூடி ரெக்ஸின். மேஸ்திரி கோணியை விலக்கிக் காட்டினார். டிரைவர் பக்கத்தில் இரண்டு வில் ஒடிந்திருந்தது. "பள்ளம் இதனாலேதாம்மா. யார் உட்கார்ந்தாலும் விழும்" என்றார். தங்கையின் முகம் வாடிவிட்டது.

இடது பக்கம் அதைவிட மோசம். ஒடிந்த கம்பியின் முனை நாரைத் துளைத்துக்கொண்டு மேலே வந்திருந்தது. மேலே ஒரு தலையணையைப் போட்டு மறைத்திருந்ததால் எங்கள் கண்ணில் படவில்லை.

அப்போதுதான் மாமி வாசற்படியிலிருந்து பேசினாள். மாமிக்கு எண்பத்து நாலு வயசு.

"ஏண்டா, அவரோட கடைசி ரெண்டு வருஷம் நான் கோவிலுக்கு ஆட்டோவிலே போயிண்டிருந்தேனே, ஏன்னு யாராவது கேட்டேளா? அப்பாவுக்கும் அம்மாவுக்கும் மனஸ்தாபம்னு நினைச்சுண்டேள். அந்தக் கம்பி குத்தறதுடான்னா, வண்டி நன்னாத்தான் இருக்குன்னார் அவர். தலையணை போட்டும் பார்த்தேன். முதல்லே அதைச் சரி பண்ணு."

அண்ணனும் தங்கையும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்த இரண்டு வருஷ மௌனத்துக்கு ஆளுக்கொரு காரணம் கற்பித்து, அதையே நம்பி, மனசுக்குள் அப்பாவையும் அம்மாவையும் மாறி மாறிக் குற்றம் சாட்டி வந்தவர்கள் அவர்கள். தங்கை எழுந்து உள்ளே போய்விட்டாள். வெகுநேரம் கழித்துத்தான் வந்தாள்.

மேஸ்திரி ஃபோம் வைத்துவிடலாம், வேலையும் சீக்கிரம், செலவும் குறைவு என்றார். ஃபோமை வைத்தால் உட்காருகிற உயரம் மாறிவிடும். ரெக்ஸினுக்கு அடியில் புழுக்கமும் ஜாஸ்தி. மாமி நாரே போதுமென்றாள். வேறு வில் மாட்டி, புது நார் பரப்பினார்கள். பழைய உறையைத் தையல் பிரித்து, துண்டு துண்டாகப் புது ரெக்ஸினின் மேல் வைத்து அளவு வெட்டினார் மேஸ்திரி. பழசைக் கிழித்து எறிந்திருந்தால் அளவுக்கு எங்கே போவது?

மற்ற வேலைகளும் இதே மாதிரிதான். கதவின் உள்பலகை அடியில் ஊறி உப்பியிருந்தது. கண்ணாடி வழியாக இறங்குகிற மழைத் தண்ணீர் வெளியேறக் கதவின் அடியில் சிறு துவாரங்கள் உண்டு. அவை அடைத்துக்கொண்டால், எத்தனை புதுப் பலகை போட்டாலும் வீண். முதலில் துவாரத்தைக் குத்திவிட்டு, பலகைக்குப் பின்னால் பிளாஸ்டிக் தாளை ஒட்டினார்கள். கூரைத் துணியைத் தாங்கும் கம்பிகளைக் கழற்றும்போது ஒவ்வொன்றுக்கும் நம்பர் எழுதி வைத்தார்கள். வளைவு ஒன்றுக்கொன்று வித்தியாசம், இடம் மாறினால் துணி சுருங்கும். ஸ்டியரிங் வளையத்தின் வெடிப்புகளை அரத்தால் சற்று அகலப்படுத்தி, எபாக்ஸி மக்கு அடைத்து, தேய்த்து, வர்ணம் பூசினார்கள். கட்டைவிரல் பட்டு வழவழப்பான இடத்தில் வெடிப்பு இல்லை. அதை அப்படியே விட்டார்கள். தங்கைக்கு அது போதுமாயிருந்தது.

மாமியின் பக்கத்துக் கண்ணாடியை இறக்கும் கைப்பிடியில், ஒடிந்த குமிழுக்குப் பதிலாகத் தச்சன் கடைந்து கொடுத்த மரக் குமிழ் இருந்தது. அசல் கைப்பிடி ஒன்றைப் புதுப்பேட்டையில் வாங்கி வைத்திருந்தான் அம்மாஞ்சி. "இது நன்னாத் திரும்பறதே, எதுக்கு மாத்தணும்?" என்றாள் மாமி. அசல், பெட்டிக்குள்ளேயே இருக்கிறது. ஓடிய தூரம் காட்டும் எண்களை யாரும் தொடவில்லை. ஓடின வண்டி ஓடினதாகவே இருக்கட்டும்.

நல்லதெல்லாம் புதுசு என்பதும் சரியில்லை, பழசெல்லாம் பவித்திரம் என்பதும் சரியில்லை. வலிக்கிறதை மாற்ற வேண்டும்; வேலை செய்கிறதை விட்டுவிட வேண்டும். எது எதுவென்று நமக்குத் தெரியாது. ஆகையால் உங்கள் வீட்டு ஷெட்டிலும் ஒரு பழைய வண்டி இருந்தால், மேஸ்திரியைக் கூப்பிடுவதற்கு முன்னால் அதில் அதிக நாள் உட்கார்ந்தவரை ஒரு தடவை உட்கார வையுங்கள். எங்கே குத்துகிறது என்று கேளுங்கள். பதில் வரும் வரையில் காத்திருங்கள்.