இ.சி.யூ. அட்டவணையில் இல்லாத கட்டம்

சைலன்சரையும் ஏர் ஃபில்டரையும் மாற்றினால் எஞ்சின் கணினியையும் திருத்தியே ஆக வேண்டுமா, அல்லது அது பட்டறைக்காரர்களின் வியாபார உத்தியா என்று மாணவர்கள் இருவர் கேட்டிருந்தனர். சிறு பதிலில் அடங்காததால் விரிவாகவே எழுதுகிறேன். இத்துறையில் எனக்குப் பட்டம் ஏதுமில்லை. சுனாபட்டியில் திருநெல்வேலிக்காரர் ஒருவர் நடத்தும் சிறு பட்டறையில், என் சித்தப்பா மகனுடைய வண்டியின் பொருட்டுப் பல ஞாயிற்றுக்கிழமைகளில் கண்டும் கேட்டும் அறிந்தவையே இவை. எல்லாரும் அவரை அண்ணாச்சி என்பார்கள். நானும் அவ்வாறே குறிப்பிடுகிறேன்.

முதலில் அடிப்படை. ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறத்தாழ 14.7 கிராம் காற்று தேவை. எஞ்சினுக்குள் இருக்கும் காற்றை இந்தத் தேவையோடு ஒப்பிட்டுச் சொல்லும் எண்ணுக்கு லாம்டா என்று பெயர். சரியாகப் பொருந்தினால் 1. எரிபொருள் மிகுந்தால் எண் 1க்குக் கீழே இறங்கும்; பட்டறை மொழியில் அது ரிச். காற்று மிகுந்தால் 1க்கு மேலே ஏறும், அது லீன். முழு விசையில் ஓடும்போது எஞ்சினுக்குச் சற்று ரிச்சான கலவை, அதாவது லாம்டா 0.88 அளவில், வேண்டியிருக்கிறது. விசையும் அப்போதுதான் கூடுகிறது. மிகுதியான எரிபொருள் ஆவியாகி எரியறையின் வெப்பத்தையும் சற்றுத் தணிக்கிறது.

முற்காலத்தில் இந்தக் கணக்கைக் கார்புரேட்டர் பார்த்துக்கொண்டது. சைலன்சரை மாற்றினால் மெயின் ஜெட்டைப் பெரிதாக்கி, சிறிது தூரம் ஓட்டி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அதன் நிறத்தைப் பார்ப்பார்கள். அண்ணாச்சி இத்தொழிலைக் கற்றது அப்படித்தான். இந்தியாவில் 2006இல் ஹீரோ ஹோண்டா கிளாமர் எஃப்.ஐ. வந்தபோது எரிபொருள் ஊசி முறை ஒரு புதுமையாகவே இருந்தது. 2020 ஏப்ரல் 1 முதல் பி.எஸ்.6 விதிகள் நடைமுறைக்கு வந்தபின் புதிய மோட்டார் சைக்கிள்களில் அது ஏறக்குறைய பொதுவாகிவிட்டது. ஜெட் இருந்த இடத்தில் இப்போது ஓர் அட்டவணை இருக்கிறது. ஒரு பக்கம் எஞ்சின் சுழலும் வேகம். மறுபக்கம் ஆக்சிலேட்டர் எவ்வளவு திறந்திருக்கிறது என்பது. இரண்டும் சந்திக்கும் கட்டத்தில், இஞ்செக்டர் எத்தனை மில்லி விநாடி திறந்திருக்க வேண்டும் என்ற குறிப்பு. நிமிடத்திற்கு 6000 சுழற்சியில் ஓடும் நான்கு வீச்சு எஞ்சினில், ஒரு சிலிண்டருக்கு விநாடிக்கு 50 முறை இந்த முடிவு எடுக்கப்படுகிறது.

அந்த அட்டவணையைத் தொழிற்சாலையில் நிரப்பியவர்கள், குறிப்பிட்ட ஒரு ஃபில்டரையும் குறிப்பிட்ட ஒரு குழாயையும் மனத்தில் வைத்தே நிரப்பினார்கள். காற்று எளிதாக உள்ளே வந்து எளிதாக வெளியேறும்படி அவற்றை மாற்றிவிட்டால், பல கட்டங்களில் குறிப்பு பழையது, காற்று புதியது என்றாகிவிடும்.

என் தம்பியின் 350 சிசி வண்டியில் நேர்ந்தது இதுதான். வேறொரு கடையில் முழுக் குழாயையும் மாற்றித் திறந்த ஃபில்டரையும் பொருத்திவிட்டு, ஓட ஓடத் தானாகவே செட் ஆகிவிடும் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். ஆக்சிலேட்டரை விட்டதும் குழாயில் பட்பட்டென்று வெடிச் சத்தம். மேம்பாலம் ஏறும்போது இழுவையில் ஒரு தொய்வு. சிக்னலில் நின்றால் தொடையைச் சுடும் வெப்பம். அண்ணாச்சி பிளக்கைக் கழற்றினார். அதன் பீங்கான் வெளுத்திருந்தது.

“தானாகவே செட் ஆகிவிடும்” என்பதில் பாதி உண்மை உண்டு. குழாயில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார், எரிந்தபின் மிஞ்சிய ஆக்சிஜனைப் பார்த்துக் கணினிக்குச் செய்தி அனுப்புகிறது. ஆனால் தொழிற்சாலை பொருத்தும் சென்சார் பெரும்பாலும் இரண்டே சொற்கள் அறிந்த சாட்சி. கலவை ரிச்சாக இருந்தால் 0.9 வோல்ட் அளவில் காட்டும். லீனாக இருந்தால் 0.1 அளவில் காட்டும். எவ்வளவு ரிச், எவ்வளவு லீன் என்று திருத்தமாகச் சொல்லத் தெரியாது. சீரான வேகத்தில் செல்லும்போது கணினி அதன் பேச்சைக் கேட்டு லாம்டா 1ஐ ஒட்டித் தன்னைத் திருத்திக்கொள்ளும். ஆக்சிலேட்டரை முழுக்கத் திறந்தாலோ, அதன் பேச்சைக் கேட்பதை நிறுத்திவிட்டு அட்டவணையையே நம்பும். எனவே வண்டி சாதாரண ஓட்டத்தில் சமாளித்துக்கொள்ளும். எஞ்சினுக்குச் சுமை மிகுந்த நேரத்தில்தான் பிழை தலைகாட்டும். அண்ணாச்சி வைட்பேண்ட் சென்சாரைப் பொருத்தி ஓட்டிப் பார்த்தபோது அதுவே தெரிந்தது: சீரான வேகத்தில் 1, முழு விசையிலும் 1ஐ ஒட்டியே நின்றது. 0.88 இருக்க வேண்டிய இடம் அது. ஆக, மாணவர்களின் கேள்விக்கு நேரடியான பதில்: ஆம், மாற்றினால் திருத்தியே ஆக வேண்டும்.

இங்கே ஒரு சுவையான விவாதம் எழுந்தது. பட்டறைக்கு வந்திருந்த பொறியியல் மாணவர் ஒருவர், இப்போது பங்க்குகளில் கிடைப்பது 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ20 என்பதை நினைவூட்டினார். எத்தனால் எரிய ஒன்றுக்கு ஒன்பது பங்கு காற்றே போதும்; ஆகவே கலப்பு எரிபொருளின் சரியான விகிதம் சுமார் 13.5. அப்படியானால் மீட்டர் 13 என்று காட்டினால் கலவை அவ்வளவு ரிச் இல்லையே, இன்னும் எரிபொருள் கூட்ட வேண்டாமா என்றார். அண்ணாச்சி சிரித்தார். “மீட்டரு என்ன பெட்ரோலயா பாக்கு? மிச்சங்கிடக்க ஆக்சிஜனத்தான தம்பி பாக்கு.” அவர் சொன்னது முற்றிலும் சரி. சென்சார் அறிவது லாம்டாவை மட்டுமே. அதை 14.7ஆல் பெருக்கி, பெட்ரோலுக்குரிய விகிதமாக மாற்றித் திரையில் காட்டுவது மீட்டரின் வேலை. எந்த எரிபொருளை ஊற்றினாலும், 13 என்றால் லாம்டா 0.88தான். திரையில் தெரியும் எண்ணுக்குள் யாரோ வைத்த ஓர் அனுமானம் ஒளிந்திருக்கிறது என்பதை ஆய்வு முறையியல் வகுப்பில் நாங்கள் எத்தனையோ சொற்களில் கற்பிக்கிறோம்; அண்ணாச்சி ஒரே வரியில் முடித்துவிட்டார்.

அட்டவணையை நேரடியாகத் திருத்த எல்லா வண்டிகளிலும் வழியில்லை; பல கணினிகள் பூட்டப்பட்டவை. ஆகவே, சென்சார்களுக்கும் கணினிக்கும் இஞ்செக்டருக்கும் இடையில் அமர்ந்து சமிக்ஞைகளை மாற்றும் துணைப்பெட்டிகளைப் பொருத்துகிறார்கள். பெங்களூரின் ரேஸ் டைனமிக்ஸ் தயாரிக்கும் பவர்ட்ரானிக் இவ்வகையில் நம் நாட்டில் நன்கு அறியப்பட்டது. அண்ணாச்சியும் பெட்டியையும் மடிக்கணினியையும் எடுத்து வைத்தார். வேலையைத் தொடங்குமுன் தம்பியிடம் ஒன்றைக் கேட்டார்: “பழைய குழாய் எங்க கிடக்கு?”

கேள்வியின் பொருள் பிறகே விளங்கியது. முழுக் குழாயையும் மாற்றியதில் வினையூக்கி மாற்றியும் போய்விட்டிருந்தது. கார்பன் மோனாக்சைடு, எரியாத ஹைட்ரோகார்பன், நைட்ரஜன் ஆக்சைடுகள் ஆகிய மூன்றையும் அடக்குவது அது. அதுவும் லாம்டா 1ஐ ஒட்டிய குறுகிய எல்லைக்குள்தான் மூன்றையும் ஒருசேர அடக்கும். அதை இழந்த வண்டிக்கு எவ்வளவு நேர்த்தியாக அட்டவணை எழுதினாலும், எஞ்சின் நலமடையுமேயன்றிப் புகை நலமடையாது. புகைச் சான்றிதழுக்கான சோதனையோ வண்டி நின்றபடி, எஞ்சின் மெதுவாக ஓடும்போது நடக்கிறது. முழு விசையில் குழாயிலிருந்து என்ன வருகிறது என்று அங்கே யாரும் கேட்பதில்லை.

சட்டம் கேட்கிறது. உற்பத்தியாளரின் மூல விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றலாகாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்தியது. குடியிருப்புப் பகுதியில் இரவு ஒலி 45 டெசிபலைத் தாண்டக் கூடாது என்கின்றன 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள். ஆனால் தம்பியின் மனத்தை மாற்றியது சட்டம் அன்று, வீடு. செம்பூர்ப் பக்கத்துக் காற்றைப் பற்றி அங்கிருப்போருக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1950களிலிருந்து மாகுல் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள், உர ஆலை, 1927 முதல் தேவனார் குப்பைமேடு. அந்தக் காற்றில் சித்தி இருபது ஆண்டுகளாக இன்ஹேலரோடு வாழ்கிறார். அவர் படுக்கும் அறையின் சன்னலுக்கு நேர் கீழேதான் வண்டி நிற்கும். காலையில் அங்கேதான் அதை முடுக்கிச் சூடேற்றுவான்.

அட்டவணையில் சுழற்சி வேகத்திற்கு இடமுண்டு, ஆக்சிலேட்டருக்கு இடமுண்டு, சன்னலுக்கு இடமில்லை.

மறு வாரம் பழைய குழாயும் ஃபில்டர் பெட்டியும் திரும்ப ஏறின. வைட்பேண்டில் மீண்டும் ஓட்டிப் பார்த்தார்கள்; முழு விசையில் எண் இருக்க வேண்டிய இடத்திற்கு வந்தது. துணைப்பெட்டி உறை பிரிக்காமல் அலமாரிக்குத் திரும்பியது. அதன் விலையில் கிடைத்திருக்கக்கூடிய வருமானத்தை அண்ணாச்சி இழந்தார். கழற்றிப் பூட்டிய கூலியை மட்டும் வாங்கிக்கொண்டார்.

அண்ணாச்சியைப் போன்ற அனைவரும் இழப்பை ஏற்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமன்று. சைலன்சர்களைப் பறிமுதல் செய்வதால் மட்டும் இது தீராது. புகைச் சோதனை சுமையுடன் ஓடும் எஞ்சினுக்கும் நடக்க வேண்டும், வைட்பேண்டைப் படிக்கத் தெரிந்த பட்டறைக்காரர்களுக்கு அந்தச் சோதனையில் முறையான பணி கிடைக்க வேண்டும் என்பது என் எண்ணம். இயந்திரவியல் மாணவர்களும் சட்ட மாணவர்களும் இதைச் சேர்ந்து ஆராயலாம். மாற்றுக் கருத்துள்ளவர்கள் எழுதுங்கள். குறிப்பாக, பட்டறைகளில் வேலை செய்த அனுபவம் உள்ளவர்கள்.