மண் தொடாத கம்பி

புதிய பொருளொன்று வீட்டுக்கு வரும்போது, அது முதலில் அவ்வீட்டின் பழைய குறைகளையே வெளிப்படுத்துகின்றது. யாழ்ப்பாணத்தில் எங்கள் பழைய வீட்டில் மின்சாரக் காருக்கு மின்னேற்றி பொருத்த முற்பட்டபோது இதனை உணர்ந்தேன்.

எரிபொருட் பஞ்சம் எமக்குப் புதியதன்று. 1990களில், சிறிதளவு பெற்றோலால் இயந்திரத்தை முடுக்கிவிட்டு மண்ணெண்ணெயில் ஓடிய ஒஸ்ரின் கார்களைக் கண்டவர்கள் நாம். துவிச்சக்கரவண்டியை நிறுத்தி மிதித்து, அதன் டைனமோ தந்த மின்னில் வானொலிச் செய்தி கேட்டவர்கள். 2022இல் எரிபொருள் வரிசையில் இரவுகளைக் கழித்தபோது அந்நினைவுகள் மீண்டன. அதன் பின்னரே, ஏற்கெனவே நாட்டில் ஓடிக்கொண்டிருந்த நிசான் லீவ் காரொன்றை வாங்கினேன்.

புதிதாயிருந்தபோது அதன் மின்கலத்தின் கொள்ளளவு 24 கிலோவாற்று மணி. விறாந்தையிலுள்ள குதையிற் செருகிவிட்டாற் போதாதா என்று மின்னிணைப்பாளரிடம் கேட்டேன். அவர் வயதில் இளையவர், தொழிலில் கண்டிப்பானவர்.

"சேர், கேத்தில் ஐந்து நிமிடத்தில் கொதித்து முடிந்துவிடும். இது விடியும்வரை இழுக்கும். பழைய குதை சூடேறி உருகிவிடும்" என்றார்.

32 அம்பியர் மின்னேற்றி 230 உவோற்றில் 7 கிலோவாற்றுக்கு மேல் எடுக்கும். எங்கள் வீட்டு இணைப்போ முழுவதுமே 30 அம்பியர். ஆதலின் தனி வடம் இழுத்து, 16 அம்பியர் மின்னேற்றி பொருத்துவதெனத் தீர்மானித்தோம். வெறுமையான மின்கலம் நிறைய ஏறத்தாழ எட்டு மணித்தியாலம் செல்லும். நாளாந்த ஓட்டத்துக்கு அதிற் பாதியும் வேண்டியதில்லை.

அடுத்து அவர் புவித்தொடுப்பைச் சோதித்தார். மின்பலகையிலிருந்து இறங்கிய பச்சைக் கம்பி அலுமாரியின் பின்னாற் சென்று, நிலத்தருகே அறுந்து நின்றது. 1995ஆம் ஆண்டு இடப்பெயர்வின் பின் திரும்பிவந்து நிலத்துக்குச் சீமெந்து இட்டபோது அது வெட்டுண்டிருக்க வேண்டும். அவ்வேலையை மேற்பார்வை செய்தவன் நானே. பின்னர் மின்சாரம் வந்ததும் விளக்குகள் எரிந்தன; எல்லாம் சீரென எண்ணினேன். விளக்கு எரிவதற்குப் பச்சைக் கம்பி வேண்டியதில்லையே!

அப்போது அம்மாவின் குரல் நினைவில் எழுந்தது. "தம்பி, இந்தக் குளிர்சாதனப் பெட்டி கையைக் கடிக்குது" என்று பலமுறை சொல்லியிருக்கிறா. "செருப்பைப் போட்டுக்கொண்டு திறவுங்கோ அம்மா" என்று சிரித்திருக்கிறேன். அம்மா இன்று இல்லை. மூப்பின் காரணமாகவே மறைந்தா என்பது எனக்கு ஆறுதலன்று. அவ சொன்னது உண்மை. படித்த நான் அதைக் கேட்கவில்லை.

கார் அதனிலும் கொடிது. றப்பர்ச் சில்லுகளின்மீது நிற்கும் அதன் உலோக உடலில் மின் கசிந்தால், பச்சைக் கம்பி மண்ணைத் தொடாவிடத்து, அம்மின் யாரேனும் தொடும்வரை காத்திருக்கும். ஈர நிலத்தில் வெறுங்காலுடன் ஓடிவரும் என் பேரனே அதற்கு வழியாவான்.

மறுநாள் நான்கடிச் செப்புக் கோலை இறக்க முயன்றோம். முற்றத்தில் இரண்டு இடங்களிலும் அலவாங்கு சுண்ணாம்புக்கல்லில் மோதியது. ஈற்றிற் சமையலறையின் பின்புறம், பாத்திரம் கழுவும் நீர் தேங்கும் வாழையடியில் மண் இடங்கொடுத்தது. ஈரமண்ணே மின்னுக்கு நல்ல வழி என்றார் மின்னிணைப்பாளர். அம்மா நட்ட வாழையின் வழிவந்த குட்டிகள் அவை. கருவியால் அளந்து திருப்தியுற்ற பின்னர், 30 மில்லி அம்பியர் கசிந்தாலே மின்னைத் துண்டிக்கும் ஆளியையும் பொருத்தி, அதன் சோதனைப் பொத்தானை என்னையே அழுத்தச் செய்தார். 'டக்' என்ற ஒலியுடன் அது விழுந்தது.

மாலை ஆறரை முதல் இரவு பத்தரை வரை நாட்டின் மின் தேவை உச்சத்திலிருப்பதால், அதன் பின்னரே காருக்கு மின்னேற்றுகிறேன். மின்னேற்றியின் விளக்கு ஒளிர்வதைப் பார்த்துத் திருப்தியடையும் வழக்கம் இப்போது எனக்கில்லை. முதலில் வாழையடிக்குச் சென்று, பச்சைக் கம்பி கோலுடன் இறுகியிருக்கின்றதா என்று பார்க்கிறேன். மண் காய்ந்திருந்தால் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு வருகிறேன்.