மலைக்குப் போன பழைய வழி

திண்டுக்கல்லுக்கு வந்து இறங்குகிறவர்கள் முதலில் பார்ப்பது அந்தப் பெரிய பாறையைத்தான். திண்டு மாதிரி கிடக்கும் கல். அதன் மேல் நாயக்க மன்னர்கள் கட்டி, பிறகு ஹைதர் அலியும் திப்பு சுல்தானும் ஆண்ட கோட்டை. சௌராஷ்டிர மக்கள் நிறைய வாழும் நாகல் நகர்ப் பக்கமிருந்து பார்த்தாலும் பாறை தெரியும். ஆனால் கோட்டைக்கு மேலே ஏறி நின்று மேற்கே பாருங்கள். வெயில் கொளுத்தும் சமவெளிக்கு அப்பால் நீல நிறத்தில் ஒரு மதில் எழும்பி நிற்கும். அதுதான் பழனி மலைத் தொடர். அதன் உச்சியில் இருப்பது கொடைக்கானல்.

இன்று நாம் திண்டுக்கல்லில் காலைப் பலகாரத்தை முடித்துக்கொண்டு, செம்பட்டி, வத்தலக்குண்டு வழியாக பஸ்ஸில் ஏறிப் போனால், மத்தியானச் சாப்பாட்டுக்குக் கொடைக்கானலில் இருக்கலாம். வழியில் குழந்தைக்குத் தலை சுற்றுகிறது, எலுமிச்சம் பழம் கொண்டுவர மறந்துவிட்டோம் என்பதுதான் நம்முடைய கஷ்டமெல்லாம். நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இதே மலைக்கு எப்படிப் போனார்கள் தெரியுமா?

சிறுமலையில் ஒரு சோதனை

1834-இல் அமெரிக்கப் பாதிரிமார்கள் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து சேர்ந்தார்கள். வெயிலும் காலராவும் காய்ச்சலும் அவர்களை வாட்டி எடுத்தன. பாதிரிமார் குடும்பங்களில் ஒன்றன்பின் ஒன்றாக மரணங்கள். குளிர்ந்த இடம் ஒன்று கிடைத்தால் பெண்டு பிள்ளைகள் பிழைப்பார்கள் என்று நினைத்து, 1838-இல் திண்டுக்கல்லுக்குப் பக்கத்திலேயே இருக்கும் சிறுமலையில் இரண்டு பங்களாக்கள் கட்ட ஆரம்பித்தார்கள். வாழைக்குப் பேர் போன அந்த மலை, வெயிலிலிருந்து காப்பாற்றியது. ஆனால் மலேரியாவிலிருந்து காப்பாற்றவில்லை.

ஆகவே இன்னும் உயரமான இடத்தைத் தேடினார்கள். 1821-இலேயே வார்டு என்ற ராணுவ அதிகாரி, பழனி மலையை அளப்பதற்காக வெள்ளகவி என்ற மலைக் கிராமத்தின் வழியாகக் கொடைக்கானல் வரை ஏறியிருந்தார். அங்கே கொசுத் தொல்லை இல்லை, காய்ச்சல் இல்லை. 1845-இல் ‘சன்னிஸைடு’, ‘ஷெல்டன்’ என்று இரண்டு வீடுகள் கொடைக்கானலில் எழும்பின. உல்லாசத்துக்காகப் பிறந்த ஊர் என்றுதானே நாம் நினைக்கிறோம்? இல்லை, பெற்ற குழந்தைகளைப் பறிகொடுத்தவர்கள், மிச்சமிருக்கும் குழந்தைகளைக் காப்பாற்றிக்கொள்ளத் தேடிய ஊர் அது.

மாட்டு வண்டியும் டோலியும்

1875-இல் ரயில் வந்தது. அம்மையநாயக்கனூரில் ஸ்டேஷன், இன்று அதற்குக் கொடை ரோடு என்று பெயர். பெயரில்தான் கொடை இருக்கிறது. மலை இன்னும் வெகு தூரத்தில். ரயிலை விட்டு இறங்கினவர்கள் மாட்டு வண்டியில் ஏறி, இரவு முழுவதும் குலுங்கிக்கொண்டு, ஏறக்குறைய 30 மைல் போக வேண்டும். பெரியகுளத்துக்குப் பக்கத்தில், மலை அடிவாரத்தில், கிருஷ்ணமநாயக்கன் தோப்பு என்ற இடத்தில் வண்டி நிற்கும். அங்கிருந்து செங்குத்தான மலைப்பாதை.

ஆண்களில் சிலர் நடந்தார்கள். சிலர் குதிரை ஏறினார்கள். துரைசானிமார்களும் குழந்தைகளும் வயதானவர்களும் நாற்காலியிலோ டோலியிலோ உட்கார்ந்துகொள்வார்கள். மூங்கிலைத் தோளில் வைத்துத் தூக்கிக்கொண்டு போனவர்கள் நம்முடைய ஜனங்கள். ஏழாயிரம் அடி உயரம்! மனிதர்கள் மட்டுமா? பெட்டி, படுக்கை, கட்டில், பாத்திரம், கண்ணாடி ஜன்னல், வீட்டுக்கு வேண்டிய சாமான் எல்லாம் அந்தப் பாதையில்தான் ஏறின.

கொடைக்கானலில் சூரியனை ஆராயும் வானிலைக் கூடம் இருக்கிறதல்லவா? 1876-இல் ஆரம்பித்த தாது வருஷப் பஞ்சத்துக்குப் பிறகு, மழைக்கும் சூரியனுக்கும் உள்ள சம்பந்தத்தை அறிய வேண்டும் என்ற எண்ணத்தில் பிறந்தது அந்த யோசனை. 1899-இல் ஸ்தாபித்து, 1901-இல் வேலை ஆரம்பமாயிற்று. 1909-இல் எவர்ஷெட் என்ற விஞ்ஞானி, சூரியனின் கரும்புள்ளிகளில் வாயு வெளிப்புறமாகப் பாய்வதை இங்கிருந்துதான் கண்டுபிடித்தார். உலகம் முழுவதும் அதை ‘எவர்ஷெட் விளைவு’ என்கிறது. அந்தக் கூடம் எழும்பிய காலத்தில் மோட்டார்ச் சாலை கிடையாது. தூரதர்சினியும் கண்ணாடி வில்லைகளும் அந்த மலைப்பாதை வழியாகவே மேலே போயின. தாங்கினவர் கால் ஒரு முறை இடறியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? நினைத்துப் பாருங்கள்.

பெயர் பெற்றவர்கள்

கொடைக்கானலில் எங்கே திரும்பினாலும் ஒரு துரையின் பெயர் காதில் விழும். 1863-இல் மதுரைக் கலெக்டர் லெவிஞ்சு, ஓடையை மறித்து ஏரியை உண்டாக்கினார்; தூத்துக்குடியிலிருந்து படகும் வரவழைத்தார். 1872-இல் கோக்கர் என்ற ராணுவ அதிகாரி, மலை விளிம்பை ஒட்டி ஒரு கிலோ மீட்டர் தூரத்துக்கு நடைபாதை போட்டார். ‘கோக்கர்ஸ் வாக்’ என்று இன்றும் அதற்குப் பெயர். காலையில் சீக்கிரம் போனால் கீழே பெரியகுளமும் வைகை அணையும் தெரியும். சூரியன் முதுகுப் பக்கமும் மூடுபனி எதிர்ப் பக்கமும் அமைந்துவிட்டால், உங்கள் நிழலே பனித் திரையில் பெரிதாக விழும். அதிர்ஷ்டம் வேண்டும்!

முதல் உலகப் போர் நடந்த வருஷங்களில் மோட்டார்ச் சாலை திறந்தது. அமைத்த எஞ்சினீயர் மேஜர் லாவின் பெயரால் அது ‘லாஸ் காட்’ ஆயிற்று. வத்தலக்குண்டிலிருந்து நாம் வளைந்து வளைந்து ஏறும் வழி அதுதான். டம்டம் பாறை அருகே பஸ் திரும்பும்போது எதிர் மலையில் வெள்ளை நூல் தொங்குவது போல் ஒரு நீர்வீழ்ச்சி தெரியும். அது தலையாறு அருவி. எலிவால் அருவி என்றும் சொல்வார்கள். உயரம் 975 அடி.

டோலி தூக்கினவர்களுக்குப் பெயர் உண்டா? உண்டு. பழைய மலைப்பாதையை ‘கூலி காட்’ என்றார்கள். அவ்வளவுதான்.

இன்னும் இரண்டு வழிகள்

வார்டு ஏறிய வெள்ளகவி வழி இன்றும் இருக்கிறது. கும்பக்கரையிலிருந்து புறப்பட்டு வட்டக்கானலில் முடியும் ஒற்றையடிப் பாதை. வெள்ளகவியில் ஊருக்குள் யாரும் செருப்புப் போடுவதில்லை. ஊரையே கோயிலாக எண்ணும் ஜனங்கள். தலைமுறை தலைமுறையாகச் சாலை எட்டாத அந்த ஊரில், நோயாளிகளையும் பிரசவ வேதனைப்படும் பெண்களையும் டோலி கட்டித் தூக்கிக்கொண்டே வந்திருக்கிறார்கள். துரைசானிக்குச் சௌகரியமாக இருந்த டோலி, நம் சகோதரிகளுக்கு உயிர் பிழைக்கும் வழியாக இருந்தது.

மற்றொன்று பேரிஜம் ஏரியைத் தாண்டி மூணாறுக்குப் போன சாலை. 1942-இல் ஜப்பான்காரன் சென்னைக்கு வந்துவிடுவான் என்ற பயத்தில், கொச்சிக்குத் தப்பியோட இதைச் செப்பனிட்டார்கள். ஜப்பான்காரன் வரவில்லை. 1990-இல் அந்தச் சாலை மூடப்பட்டது. யாருக்கு லாபம் என்றால், காட்டெருமைக்கும் யானைக்கும்! 2013-இல் இந்தப் பக்கத்துக் காடுகள் 600 சதுர கிலோ மீட்டருக்கு மேல் வன விலங்குச் சரணாலயம் ஆயின.

பார்க்காமல் திரும்பாதீர்கள்

குறிஞ்சி ஆண்டவர் கோயிலுக்கு அவசியம் போங்கள். ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, இலங்கை சர் பொன்னம்பலம் இராமநாதனை மணந்து, இந்து சமயத்தைத் தழுவி லீலாவதி ஆன அம்மையார் 1936-இல் கட்டியது அது. கணவர் காலமாகி ஆறு வருஷங்களுக்குப் பின் ஒரு பெண்மணி முருகனுக்கு எழுப்பிய கோயில் என்பதை நினைத்துக்கொண்டு கும்பிடுங்கள். பன்னிரண்டு வருஷத்துக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சி 2018-இல் பூத்தது.

செண்பகனூர் மியூஸியத்தையும் விட்டுவிடாதீர்கள். அங்கே இருந்த ஆங்லேடு பாதிரியார், மலையில் சிதறிக் கிடக்கும் பெருங்கற்கால ஈமக் கற்களை ஆராய்ந்தார். 1928-இல் புத்தகமாக வந்தது. துரைமார்களுக்கு எத்தனையோ நூற்றாண்டு முன்பே மலை ஏறியவர்கள் உண்டு என்பதற்கு அந்தக் கற்களே சாட்சி.

கடைசியாக ஒரு வார்த்தை. வாகனக் கூட்டம் தாங்காமல், ஹைகோர்ட் உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானல் போகும் வண்டிகளுக்கு இ-பாஸ் வந்தது. மனிதர் தோளில் ஏறிய காலத்தில் மலைக்கு ஒரு பாரமும் இல்லை, தூக்கினவருக்குத்தான் பாரம். இன்று தூக்குகிறவர் இல்லை, மலை தாங்குகிறது. ஏப்ரல், மே நெரிசலை விட்டு வேறு மாதத்தில் போங்கள். முடிந்தவரை பஸ்ஸில் போங்கள். காட்டுப் பாதையில் நடக்க ஆசைப்பட்டால் வன இலாகாவின் அனுமதி பெற்று, உள்ளூர் ஆளைத் துணைக்கு அழைத்துக்கொள்ளுங்கள். அவரிடம் பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிடுங்கள். அந்த மரியாதை அவருடைய பாட்டனாருக்குக் கிடைக்கவில்லை.